வலிப்பு, மாதவிடாய், எடை: எது நோயால், எது மாத்திரையால்?

தாழை (இழையைத் தொடங்கியவர்)

வாரம் தவறாமல் ஒரே மாதிரி கேள்வி வருகிறது, ஆனால் பதில்கள் பத்து இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. அதனால் இங்கே ஒரே இடத்தில் பேசலாம்.

வழக்கமாகக் கேட்பவர்கள் சொல்லும் நிலைமை இது. பெண்ணுக்கு 18, 19 வயது. காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுப்பது, டம்ளர் கை நழுவுவது, எப்போதாவது பெரிய வலிப்பு. இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு என்று சொல்லி வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நின்றுவிட்டது. ஒன்றரை ஆண்டு கழித்து எடை 10 கிலோ கூடியிருக்கிறது, மாதவிடாய் 50 நாளுக்கு ஒருமுறை வருகிறது, மேலுதட்டிலும் தாடையிலும் முடி, தலைமுடி கொட்டுகிறது. ஸ்கேன் எடுத்தால் சினைப்பையில் "நீர்க்கட்டி" (பி.சி.ஓ.எஸ்.). மகப்பேறு மருத்துவரிடம் போனால் ஹார்மோன் மாத்திரை, நரம்பியல் மருத்துவரிடம் போனால் "அதே மருந்தைத் தொடருங்கள்". ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது.

இதில் எது வலிப்பு நோயின் வேலை, எது மாத்திரையின் வேலை, எது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே: இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். வால்ப்ரோயேட்டைத் திடீரென்று விட்டால் நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து.

மருந்துச்சீட்டு

முதலில் பெட்டியில் இருக்கும் பெயரைப் பாருங்கள். சோடியம் வால்ப்ரோயேட், வால்ப்ரோயிக் ஆசிட், டைவால்ப்ரோயக்ஸ், "குரோனோ" என்று முடிபவை எல்லாம் உடலுக்குள் போனால் ஒன்றுதான். "வால்ப்ரோயேட் வேண்டாம் என்று டைவால்ப்ரோயக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள்" என்று நிம்மதியாக எழுதுபவர்கள் உண்டு. அந்த மாற்றத்தால் வயிற்று எரிச்சல் குறையலாம், எடையும் நீர்க்கட்டியும் குறையாது.

வால்ப்ரோயேட் இந்த மாற்றங்களை மூன்று வழியில் கொண்டுவருகிறது. சினைப்பையில் ஆண் ஹார்மோன் உற்பத்தியைக் கூட்டுகிறது. இன்சுலின் அளவை உயர்த்துகிறது, அந்த இன்சுலினும் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை மேலும் கூட்டுகிறது. பசியைக் கிளறுகிறது, குறிப்பாக இனிப்பும் மாவுப் பண்டமும் கேட்கும் பசி. எடை கூடினால் இன்சுலின் இன்னும் ஏறும், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

1993-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் இதை முதலில் பெரிய அளவில் காட்டினார்கள். வால்ப்ரோயேட் எடுத்த பெண்களில் 43 சதவீதம் பேருக்கு நீர்க்கட்டிச் சினைப்பை இருந்தது. 20 வயதுக்கு முன்பே மருந்தைத் தொடங்கியவர்களில் 80 சதவீதம் பேருக்கு நீர்க்கட்டியோ கூடுதல் ஆண் ஹார்மோனோ இருந்தது. அதே குழு 1998-இல் இன்னொன்றையும் காட்டியது: வால்ப்ரோயேட்டை விட்டு லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மாறியவர்களுக்கு ஓராண்டுக்குள் எடையும் இன்சுலினும் ஆண் ஹார்மோனும் இறங்கின. தாழை சொன்ன அந்தப் பெண்ணின் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இந்த இரண்டாவதுதான். இது பெரும்பாலும் திரும்பக்கூடிய மாற்றம்.

குறிஞ்சி

மருந்துச்சீட்டு சொல்வது சரி, ஆனால் எல்லாப் பழியையும் மருந்தின் தலையில் போட்டால் பாதி உண்மை விடுபடும். மருந்தே எடுக்காத வலிப்புப் பெண்களிடமும் மாதவிடாய்க் கோளாறு மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் இருக்கிறது. காரணம், பலருக்கு வலிப்பு தொடங்கும் இடமான பொட்டு மடல், அதாவது காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதி. உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா அங்கேதான் இருக்கிறது, அங்கிருந்து ஹார்மோன்களை ஆளும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸுக்கு நேர் இணைப்பு. சினைப்பைக்குப் போகும் கட்டளை ஹைப்போதலாமஸிலிருந்து ஒரு குறிப்பிட்ட தாளத்தில் துடிப்புத் துடிப்பாக வெளியேற வேண்டும். வலிப்பின் மின்பொறி அந்தத் தாளத்தைக் கலைக்கிறது. துடிப்பு வேகமானால் நீர்க்கட்டியின் பக்கம் போகும், மெதுவானால் மாதவிடாயே நின்றுபோகும். இடப்பக்கப் பொட்டு மடலில் தொடங்கும் வலிப்போடு நீர்க்கட்டியும், வலப்பக்கத்தோடு மாதவிடாய் நிற்பதும் அதிகம் சேர்ந்து வருவதாகப் பாஸ்டனில் ஆய்வாளர் ஹெர்சாக் குழுவினர் கண்டார்கள்.

அதனால் மாதவிடாய்த் தேதிகளை மாத்திரை தொடங்கிய தேதிக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மாத்திரைக்கு முன்பே ஒழுங்கில்லையா, பிறகு கெட்டதா? இது தெரியாமல் யாரும் காரணம் சொல்ல முடியாது. பல கோப்புகளில் இந்த ஒரு வரியே இருப்பதில்லை.

கார்த்திகைப்பூ

மகப்பேறு பக்கத்திலிருந்து. ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிந்தால் மட்டும் அந்தப் பெயரை ஒட்டிவிடக் கூடாது. 18 வயதுப் பெண்ணின் சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் நிறையத் தெரிவது இயல்பு. மாதவிடாய் 35 நாளுக்கு மேல் தள்ளிப்போவதும், ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளமும் சேர்ந்தால்தான் சொல்ல வேண்டும். தைராய்டும் புரோலாக்டினும் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) கட்டாயம் பார்த்து, அவற்றில் கோளாறு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அங்கேதான் வலிப்பு உள்ளவர்களுக்கு மூன்று இடறல்கள்:

புரோலாக்டின்: பெரிய வலிப்பு வந்து 10–20 நிமிடத்தில் இது பல மடங்கு ஏறும், சில மணி நேரத்தில் இறங்கும். வலிப்பு வந்த நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டியோ என்று எம்.ஆர்.ஐ.க்கு ஓட வேண்டியதில்லை. வலிப்பில்லாத நாளில், எழுந்து இரண்டு மணி நேரம் கழித்து எடுங்கள். மனநல மருந்து சேர்ந்து போகிறதென்றால் அதையும் சொல்லுங்கள், ரிஸ்பெரிடோன் போன்றவை இதை ஏற்றும்.

தைராய்டு: கார்பமாசெபின், ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்துகள் டி-4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவைக் குறைத்துக் காட்டும், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். இயல்பாக இருக்கும். அது பெரும்பாலும் நோயல்ல. ஏற்கெனவே தைராய்டுக்கு தைராக்ஸின் மாத்திரை எடுப்பவர் இந்த மருந்துகளைத் தொடங்கினால் தைராக்ஸின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம்.

"21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்": முட்டை வெளிவந்ததா என்று காட்டும் சோதனை. 28 நாள் சுழற்சிக்குத்தான் 21. உங்கள் சுழற்சி 35 நாள் என்றால் 28-ஆம் நாள் எடுக்க வேண்டும், அதாவது அடுத்த மாதவிடாய்க்கு 7 நாள் முன்பு. தவறான நாளில் எடுத்து "முட்டையே வரவில்லை" என்று எழுதிய அறிக்கைகள் ஏராளம்.

வைகைக்கரை

எடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். எங்கள் பக்கம் வலிப்பு மாத்திரை என்றாலே உடம்பு ஊதும் என்கிறார்கள். எல்லாமே அப்படியா? எடையைக் குறைக்க என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

மருந்துச்சீட்டு

எல்லாம் அப்படியில்லை. வால்ப்ரோயேட், கபாபென்டின், பிரீகாபலின், விகாபாட்ரின், பெராம்பனெல் எடை ஏற்றும். கார்பமாசெபின் சிலருக்குக் கொஞ்சம் ஏற்றும். லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டாம், லாக்கோசமைடு பெரும்பாலோருக்கு எடையைத் தொடுவதில்லை. டோபிராமேட்டும் சோனிசமைடும் குறைக்கும். ஆனால் டோபிராமேட் வாங்கித் தாருங்கள் என்று யாரும் கேட்டுப் போய்விட வேண்டாம்: வார்த்தை நாக்கில் நின்றுபோகும், விரல் நுனி மரத்துப் போகும், சிறுநீரகக் கல் வரலாம், கர்ப்பத்தில் எடுத்தால் குழந்தைக்கு உதடு அல்லது அண்ணப் பிளவு வரும் ஆபத்து கூடும்.

வால்ப்ரோயேட் தொடங்கும் நாளிலேயே எடையையும் இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, அதே தராசு, காலையில். மூன்று மாதத்தில் 5 சதவீதம் ஏறினால், அதாவது 60 கிலோ பெண்ணுக்கு 3 கிலோ, அடுத்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள் என்பேன். 12 கிலோ ஏறிய பிறகு இறக்குவது மிகக் கடினம். முதல் 3 கிலோவிலேயே மருந்தைப் பற்றி யோசித்தால் பாதிப் பாடு மிச்சம்.

செய்யக் கூடாதவை. பட்டினி கிடப்பதும், விடியற்காலை 4 மணிக்கு எழுந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நடப்பதும்: மயோக்ளோனிக் வலிப்புக்குத் தூக்கக் குறைவைப் போல வேறெதுவும் தூண்டுதல் இல்லை. ஆர்லிஸ்டாட் (கொழுப்பை உறிஞ்சவிடாத எடைக் குறைப்பு மாத்திரை): கொழுப்போடு சேர்த்து வலிப்பு மருந்தும் சரியாக உறிஞ்சப்படாமல் வலிப்பு திரும்பியதாகப் பதிவுகள் உண்டு. புப்ரோப்பியான் கலந்த எடைக் குறைப்பு மாத்திரை: வலிப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. ஆன்லைனில் விற்கும் "கொழுப்பைக் கரைக்கும்" பொடிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. சாப்பாட்டில் மூன்று வேளையையும் வைத்துக்கொண்டு சோற்றின் அளவைக் குறைத்து, பயறும் முட்டையும் காய்கறியும் கூட்டுங்கள். இரவு 11-க்குள் தூங்குங்கள். நீர்க்கட்டிக்குச் சர்க்கரை நோய் மருந்தான மெட்பார்மின் கொடுத்தால் வலிப்பு மருந்துகளோடு பொதுவாகச் சண்டை வராது.

குறிஞ்சி

மருந்து மாற்றுவதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு மயோக்ளோனிக் வலிப்பு என்பதால் கார்பமாசெபினுக்கோ ஃபெனிடாயினுக்கோ மாற்றக் கூடாது. கை வெட்டுவது அதிகமாகும். லெவெடிரசெட்டாம் அல்லது லாமோட்ரிஜின்தான் வழக்கமான மாற்று. லெவெடிரசெட்டாம் வேகமாக ஏற்றலாம், ஆனால் சிலருக்குக் கோபமும் மனச்சோர்வும் வரும். வீட்டில் உள்ளவர்கள் அதை "பிடிவாதம்" என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். லாமோட்ரிஜின் மெதுவாகத்தான் ஏற வேண்டும், சிலருக்கு அதிலும் கை வெட்டுவது கூடலாம்.

முக்கியமான எண்கள்: வால்ப்ரோயேட் ரத்தத்தில் லாமோட்ரிஜினின் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும். அதனால் வால்ப்ரோயேட் ஓடிக்கொண்டிருக்கும்போது லாமோட்ரிஜினை ஒன்றுவிட்டு ஒரு நாள் 25 மி.கி. என்று இரண்டு வாரம், பிறகு தினம் 25 மி.கி. இரண்டு வாரம் என்றுதான் தொடங்குவார்கள். வேகமாக ஏற்றினால் தோல் உரியும் கொடிய ஒவ்வாமை வரலாம். தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் மூன்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. பின்னால் வால்ப்ரோயேட்டைக் குறைத்து எடுக்கும்போது லாமோட்ரிஜின் அளவு தானாகவே பாதியாகிவிடும். அந்தக் கட்டத்தில் லாமோட்ரிஜின் மாத்திரையைக் கூட்டாவிட்டால் வலிப்பு திரும்பும், "புது மருந்து கேட்கவில்லை" என்று பழையதற்கே திரும்பிவிடுவார்கள். மாற்றம் தோற்பதற்கு நான் காணும் முதல் காரணம் இதுதான்.

நாட்காட்டி

எல்லோரும் ஹார்மோனை வலிப்பு என்ன செய்கிறது என்று எழுதுகிறீர்கள். ஹார்மோன் வலிப்பை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வலிப்பு உள்ள பெண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மாதவிடாய்ச் சுழற்சியோடு வலிப்பு ஏறி இறங்கும். பெண் ஹார்மோன்களில் ஈஸ்ட்ரோஜன் மூளையைக் கிளப்பும். புரோஜெஸ்டிரோன் அலோபிரக்னனோலோன் என்ற பொருளாக மாறி மூளையை அடக்கும். மாதவிடாய்க்கு முன் புரோஜெஸ்டிரோன் சடாரென்று விழும்போது, அந்த அடக்கும் கை விலகிவிடுகிறது.

மூன்று வடிவங்கள் உண்டு. ரத்தம் தெரியும் முதல் நாள்தான் நாள் 1. மாதவிடாய்க்கு 3 நாள் முன்பிருந்து நாள் 3 வரை கூடுவது ஒன்று, இதுதான் அதிகம். முட்டை வெளிவரும் நாட்களில் கூடுவது இன்னொன்று. முட்டையே வெளிவராத சுழற்சியில் நாள் 10-இலிருந்து அடுத்த மாதவிடாய்வரை நீளமாகக் கூடிக் கிடப்பது மூன்றாவது. நீர்க்கட்டி உள்ளவர்கள் இந்த மூன்றாவதில் விழுவார்கள்.

நினைவை நம்பாதீர்கள். "தீட்டு நேரத்தில்தான் வருது" என்று உறுதியாகச் சொல்பவர்களின் நோட்டைப் பார்த்தால் பல முறை அப்படி இருக்காது. வீட்டுக் காலண்டரே போதும்: மாதவிடாய் நாளுக்குச் சிவப்பு வட்டம், வலிப்புக்குக் கறுப்புப் பெருக்கல், மாத்திரை தவறிய நாளுக்குக் கோடு, இரவு விழித்த நாளுக்கு ஒரு புள்ளி. குறைந்தது மூன்று சுழற்சி. அந்த ஆறேழு நாளில் ஒரு நாளுக்கு எத்தனை, மற்ற நாட்களில் ஒரு நாளுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். இரண்டு மடங்கு இருந்தால் பேச இடமுண்டு.

வைகைக்கரை

இருந்தால் என்ன செய்வார்கள்?

நாட்காட்டி

சுழற்சி ஒழுங்காக வருபவருக்கு மாதவிடாய்க்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கி மொத்தம் 10 நாள்போல குளோபாசம் என்ற வலிப்பு மருந்தைக் கொடுப்பது உண்டு. மாதம் முழுக்கக் கொடுத்தால் உடல் பழகிப்போய் பலன் தேயும், இடைவெளி விடுவதால் அது குறைகிறது. 50 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு இது உதவாது, என்றைக்குத் தொடங்குவது என்றே தெரியாது.

கார்த்திகைப்பூ

இயற்கைப் புரோஜெஸ்டிரோன் பற்றி நிறைய ஆசை வார்த்தைகள் உலவுகின்றன. அமெரிக்காவில் 294 பெண்களிடம் நடந்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது: 200 மி.கி. தினம் மூன்று முறை, சுழற்சியின் 14 முதல் 28 நாள்வரை, கடைசியில் படிப்படியாக இறக்கி. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. மாதவிடாயை ஒட்டி மூன்று மடங்கும் அதற்கு மேலும் கூடுபவர்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. இன்னொன்று, கடையில் கிடைக்கும் செயற்கை வகைகள் அந்த அடக்கும் பொருளாக மாறுவதில்லை. "புரோஜெஸ்டிரோன்தானே" என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்காதீர்கள்.

மருந்துச்சீட்டு

தாழை முதலில் சொன்ன "ஹார்மோன் மாத்திரை" விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இரண்டு திசையிலும் தவறு நடக்கிறது.

ஒன்று: ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஃபீனோபார்பிட்டால், ஆக்ஸ்கார்பசெபின், தினம் 200 மி.கி.க்கு மேல் டோபிராமேட் ஆகியவை கல்லீரலை முடுக்கி ஹார்மோனைச் சீக்கிரம் சிதைக்கும். கருத்தடை மாத்திரையும் கையில் வைக்கும் இம்ப்ளான்ட்டும் பலிக்காமல் போகும். மருந்தை நிறுத்திய பிறகும் நான்கு வாரம் இந்த விளைவு இருக்கும். காப்பர் டி-க்கு இந்தத் தொல்லை கிடையாது. அரசு மருத்துவமனைகளில் "அந்தரா" என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியின் கருத்தடைப் பலனும் குறைவதில்லை. ஆனால் அந்த ஊசியும் எலும்பைத் தேய்க்கும், இந்த மருந்துகளும் தேய்க்கும், எடையும் ஏறலாம். வைட்டமின் டி பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் இரண்டையும் சேர்த்து ஓட்டக் கூடாது. இந்த மருந்துகளை எடுப்பவருக்கு அவசரக் கருத்தடை மாத்திரை (லெவோநார்ஜெஸ்ட்ரல்) என்றால் வழக்கமான 1.5 மி.கி. போதாது, பிரிட்டன் வழிகாட்டுதல் 3 மி.கி. என்கிறது. உறவுக்குப் பின் ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைப்பது அதைவிட உறுதி.

இரண்டு: லாமோட்ரிஜின் எடுப்பவருக்கு நீர்க்கட்டிக்காக ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எழுதினால், லாமோட்ரிஜின் அளவு பாதிக்குப் பாதி இறங்கும், வலிப்பு வரும். அந்த மாத்திரையை 21 நாள் எடுத்துவிட்டு இடைவெளி விடும் ஏழு நாளில் லாமோட்ரிஜின் அளவு மறுபடி ஏறும்: தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம். மாதாமாதம் அதே வாரத்தில் தலைசுற்றல் என்றால் சோகை, ரத்த அழுத்தம் என்று தேடுவதற்கு முன் இதை நினையுங்கள்.

வைகைக்கரை

குழந்தை பிறக்காது என்று சொல்லியே சம்பந்தங்கள் முறிகின்றன. உண்மை நிலவரம் என்ன?

குறிஞ்சி

இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998-இலிருந்து கேரள வலிப்பு-கர்ப்பப் பதிவேடு நடக்கிறது. நம் பெண்களுக்கு மிக நெருக்கமான தரவு அது. 2010-இல் அவர்கள் வெளியிட்டதில், கர்ப்பத்துக்கு முன்பே பதிவுசெய்த 375 பெண்களில் 38.4 சதவீதம் பேர் கருத்தரிக்கவில்லை. இந்த எண்ணை மட்டும் வெட்டி எடுத்துப் பயமுறுத்துகிறார்கள். அடுத்த வரியைப் படியுங்கள்: மருந்தே இல்லாதவர்களில் 7.1 சதவீதம், ஒரு மருந்தில் 31.8, இரண்டில் 40.7, மூன்றும் அதற்கு மேலும் எடுத்தவர்களில் 60.3. மருந்தின் எண்ணிக்கை ஏற ஏறக் கருத்தரிப்பு குறைகிறது. கடும் நோய்க்குத்தான் அதிக மருந்து என்பதும் இதில் கலந்திருக்கிறது. 2018-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு, கருவுறாமைக் கோளாறு முன்பே தெரியாத பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டது: வலிப்பு உள்ளவர்களில் 60.7 சதவீதம், இல்லாதவர்களில் 60.2 சதவீதம் கருத்தரித்தார்கள். வித்தியாசமே இல்லை.

ஆக, வலிப்பு என்பதாலேயே குழந்தை பிறக்காது என்பது பொய். தேவையற்ற மருந்துகளைக் கழித்து, முடிந்தவரை ஒரே மருந்தில் நிறுத்துவது கருத்தரிப்புக்கான வேலையும்கூட.

சம்பந்தம் பற்றி: வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய இடம் தந்த விதி இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. மறைத்துக் கட்டிக்கொடுத்து, புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து ஒளித்து விழுங்கி, ஒரு வாரம் விழுங்க முடியாமல் போய் வலிப்பு வருவது, இது நடக்கக் கூடாது. முன்பே சொல்லுங்கள்.

கார்த்திகைப்பூ

கருத்தரிக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த இழையில் மிக அவசரமான செய்தி. கருவின் முதுகுத்தண்டுக் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்து, சோதித்து, மருத்துவரிடம் வருவதற்குள் அது முடிந்துவிடும். அதனால் ஃபோலிக் ஆசிட் குறைந்தது மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். நம் ஊரில் 5 மி.கி. மாத்திரைதான் வழக்கம்.

வால்ப்ரோயேட்டில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்துக்குப் பெரிய பிறவிக் குறை, 30 முதல் 40 சதவீதத்துக்குக் கற்றல், பேச்சு, நடத்தை வளர்ச்சிக் குறைகள். அளவு கூடினால் ஆபத்தும் கூடும். அதனால்தான் பிரிட்டனில் உறுதியான கருத்தடைத் திட்டம் இல்லாமல் பெண்களுக்கு இதைத் தரக் கூடாது என்று 2018-இலேயே கட்டுப்பாடு வந்தது. ஆனால் வால்ப்ரோயேட்டிலேயே கர்ப்பமாகிவிட்டவர் பயந்துபோய் தானாக நிறுத்தக் கூடாது. அன்றே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், 18–20 வாரத்தில் விரிவான ஸ்கேன் எடுங்கள்.

வைகைக்கரை

லாமோட்ரிஜினில் இருப்பவர் கர்ப்பமானால் கவலையில்லையா?

நாட்காட்டி

குழந்தைக்கு அது பாதுகாப்பான மருந்துகளில் ஒன்று. தாய்க்குத்தான் கவனம் வேண்டும். கர்ப்பம் முன்னேற முன்னேற ஈஸ்ட்ரோஜன் ஏறுவதால் லாமோட்ரிஜின் அளவு பாதிக்கும் கீழே போகலாம். கர்ப்பத்துக்கு முன் ஒருமுறை ரத்த அளவு எடுத்து வைத்துக்கொண்டு, வசதி இருந்தால் மாதம் ஒருமுறை ஒப்பிட்டு மாத்திரையைக் கூட்டுவார்கள். லெவெடிரசெட்டாமும் முதல் மூன்று மாதத்திலேயே இறங்கும்.

பிரசவமானதும் எல்லாம் தலைகீழ். சில நாட்களிலேயே அளவு ஏறத் தொடங்கும். கர்ப்பத்தில் கூட்டிய மாத்திரையை அப்படியே விழுங்கினால் இரண்டாம் வாரத்தில் தலைசுற்றி, குழந்தையோடு விழும் நிலை வரும். எப்போது எவ்வளவு குறைப்பது என்பதைப் பிரசவத்துக்கு முன்பே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளை பெற்ற வாரத்தில் யாரும் நரம்பியல் ஓ.பி.க்குப் போக மாட்டார்கள்.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். தாய் ஃபீனோபார்பிட்டாலில் இருந்தால் மட்டும் குழந்தை மந்தமாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறதா, பால் உறிஞ்சுகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள். பிறந்ததும் குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி 1 மி.கி. விட்டுப்போகாமல் போடச் சொல்லுங்கள். இரவில் ஒரு வேளைப் பாலையாவது முன்பே பீய்ச்சி வைத்து, பாட்டியோ கணவரோ புகட்டட்டும், தாய்க்கு நான்கு மணி நேரமாவது தொடர்ந்து தூக்கம் கிடைக்கும். பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து பால் கொடுங்கள், துணி மாற்றுவதும் தரையில்தான். தனியாக இருக்கும்போது குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம்.